மஞ்சள் கண்டதெல்லாம் ஒரே வியாதியா?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் தோழர்கள் கூட்டிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் ஈரல் வியாதியைப் பற்றியதாகும். நாம் வைத்தியரல்ல, வைத்தியம் சொல்லவும் இங்கு வரவில்லை. வைத்தியரிடம் போங்கள் என்று சொல்லவும், போகாமலிருப்பதற்கு நம் மக்கள் சொல்லும் காரணங்கள் அறிவுக்குப் பொருத்தமானவைதானா என்று உங்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்கவுமே வந்திருக்கிறோம். நாம் சொல்கிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! "காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று ஒரு பழமொழி உண்டு. உண்மையில் காமாலை கண்டவன் கண்ணுக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது. மஞ்சள் பைத்தியம் பிடித்திருப்பது நோயாளிக்கல்ல, அவனைச் சுற்றி நிற்கும் நமக்குத்தான். ஒருவன் கண்ணில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்துவிட்டால் போதும். அண்டை வீட்டார், எதிர் வீட்டார், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் எல்லோரும் வைத்தியராகி விடுகிறார்கள். "இது காமாலைதான், சந்தேகமேயில்லை" என்று ஒருவர் வியாதிக்குப் பெயர் வைக்கிறார். "இன்ன ஊரில் மூன்று நாள் மருந்து கொடுக்கிறார்கள்" என்று ஒருவர் மருந்து வைக்கிறார். "உப்பில்லை, எண்ணெயில்லை, மோர் சாதந்தான்" என்று ஒருவர் பத்தியம் வைக்கிறார். இத்தனை உத்தியோகமும் அரை நாழிகையில் தீர்ந்து போகிறது. சோதித்துப் பார்ப்பது என்கிற ஒரு உத்தியோகத்திற்குத்தான் ஆளில்லை.

மஞ்சள் என்பது என்ன?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். காமாலை என்பது ஒரு வியாதியின் பெயரல்ல. பல வியாதிகள் காட்டுகிற ஒரு அடையாளமே ஆகும். நம் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் சுமார் 120 நாள் உயிர் வாழ்ந்து அழிகின்றன. அவை அழியும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை ஈரல் வாங்கிப் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு கலந்து குடலுக்கு அனுப்பிவிடுகிறது. இந்தப் பொருள் இரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் வரையில்தான் இருக்கும். அது இரண்டு மூன்று மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் கண்ணின் வெள்ளையில் மஞ்சளாகத் தெரிகிறது.

இந்த வேலை மூன்று இடங்களில் கெடலாம். ஈரலுக்கு வருமுன்பே சிவப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சி அழியலாம். மலேரியாக் காய்ச்சலிலும் சில பிறவி இரத்த நோய்களிலும் இப்படி ஆகிறது. ஈரலே கெட்டுப் போகலாம். வைரஸ் என்னும் நுண்கிருமியால், சாராயத்தால், எலிக்காய்ச்சலால், சாப்பிட்ட மருந்தால், கொழுப்பு சேர்வதால் இது நேரும். அல்லது ஈரலுக்கு அப்பால் பித்தக்குழாய் அடைபடலாம். கல் அடைத்தாலும் அடைபடும், கணையத்தில் புற்றுநோய்க் கட்டி கிளம்பினாலும் அடைபடும். மூன்றிலும் கண் மஞ்சள்தான். ஆனால் ஒன்றுக்குக் காய்ச்சல் மருந்து, ஒன்றுக்கு ஓய்வு, ஒன்றுக்குக் கத்தி. மூன்றுக்கும் ஒரே பச்சிலையை அரைத்துக் கொடுப்பது எந்த நியாயம்?

நீங்கள் தறிக்காரர்கள். சேலையில் ஓரிடத்தில் குற்றம் விழுந்தால் என்ன செய்கிறீர்கள்? இழை அறுந்ததா, அச்சில் கோளாறா, ஊடையில் கோளாறா, சாயத்தில் கோளாறா என்று குழியிலிருந்து எழுந்து பார்க்கிறீர்களா இல்லையா? குற்றம் எங்கேயிருந்தாலும் ஒரே மருந்து என்று எவனாவது தறிக்கு எண்ணெய் போடச் சொன்னால் சிரிக்கமாட்டீர்களா? ஜரிகையைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் நல்ல ஜரிகையும் போலி ஜரிகையும் ஒரே மஞ்சள்தான். ஆனால் சுரண்டிப் பார்த்தால் சிவப்புப் பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியதா, வெறும் பித்தளைப் பளபளப்பா என்று தெரிந்து போகிறது. அதிலுள்ள வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று அளந்து சொல்ல இன்று யந்திரமே வந்துவிட்டது. சேலையின் மஞ்சளைக் கண்ணை நம்பி வாங்கமாட்டேன், சோதித்துத்தான் வாங்குவேன் என்கிற நீங்கள், பெற்ற பிள்ளையின் கண்ணிலுள்ள மஞ்சளை மாத்திரம் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வது ஏன்?

பிழைத்தவன் சாட்சி

இதற்கு நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "எத்தனையோ பேர் இந்த மருந்தில் குணமாயிருக்கிறார்களே! கண்ணால் கண்டோமே!" என்கிறார்கள். கண்டது வாஸ்தவம். ஆனால் கண்டதற்கு அர்த்தம் என்ன?

நம் நாட்டில் காணும் காமாலைகளில் பெரும்பாகம் 'ஏ' வகை, 'ஈ' வகை என்னும் இரண்டு வைரஸ்களால் வருபவை. சாக்கடை கலந்த தண்ணீராலும், சுத்தமில்லாத உணவாலும் இவை பரவுகின்றன. இவற்றில் பெரும்பாலோருக்கு, யாதொரு மருந்தும் இல்லாமலே, சில வாரங்களில் உடம்பு தானாகவே சரியாகி விடுகிறது. இப்படித் தானாக நிற்கப்போகிற நோய்க்கு நடுவில் எவன் எதைக் கொடுத்தாலும் பேர் அவனுக்கே போய்ச் சேரும். பச்சிலை கொடுத்தால் பச்சிலைக்குப் பேர். மந்திரித்தால் மந்திரத்திற்குப் பேர். மூக்கில் சாறு விட்டால் சாற்றுக்குப் பேர். கையில் சூடு போட்டால் அந்தக் கொடுமைக்குங்கூடப் பேர்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

மற்ற வகைக் காமாலைக்காரன் என்ன ஆகிறான்? அவனும் அதே மருந்தைத்தான் சாப்பிடுகிறான். குணமாகாமல் இறந்து போகிறான். "அவன் பத்தியம் தவறினான்", "விதி முடிந்தது" என்று சொல்லிவிடுகிறார்கள். மருந்துக்குக் கெட்ட பேர் வருவதில்லை. பிழைத்தவன் தெருவெல்லாம் நடந்து சாட்சி சொல்லுகிறான். செத்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை. ஒரு பக்கத்துச் சாட்சியை மாத்திரம் விசாரித்து எந்த நீதிபதியாவது தீர்ப்பு எழுதினால் நீங்கள் ஒப்புவீர்களா?

இந்த ஊரில் இந்த மாதிரி சாட்சிக்குப் பஞ்சமில்லை. வரதராஜர் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷமும் நோயும் போய்விடும் என்று எங்கெங்கிருந்தோ வந்து தொட்டுவிட்டுப் போகிறார்கள். காய்ச்சலுக்கென்றே ஜ்வரஹரேஸ்வரர் இருக்கிறார். தலைநோய்க்குக் கச்சபேஸ்வரர் கோயிலில் கார்த்திகை ஞாயிற்றுக் கிழமைகளில் தலையில் மண்டை விளக்கு ஏந்துகிறார்கள். ஈரலுக்கென்று தனிச் சந்நிதி இருப்பதாக நாம் கேள்விப்படவில்லை. ஆகவே அந்த இடத்தைப் பச்சிலைக்காரர் பார்த்துக்கொள்கிறார் போலும்! கும்பிடுகிறவர் கும்பிடட்டும், இன்று நாம் அந்த வழக்குக்கு வரவில்லை. ஆனால் கும்பிட்டுவிட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றுதான் கேட்கிறோம். கோயில் வாசலில் நிற்கிற நாட்களையும் நோய் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறது.

இன்னும் ஒரு பித்தலாட்டத்தையும் சொல்லவேண்டும். இந்நாட்டின் பல பாகங்களில் காமாலை இறக்குகிறேன் என்று ஒருவன் வருவான். நோயாளியின் கையைத் தடவி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் கழுவுவான். தண்ணீர் மஞ்சளாகும். "பார், காமாலை இறங்கிவிட்டது!" என்பான். பாத்திரத்தில் இருப்பது சுண்ணாம்புத் தெளிவு. கையில் தடவியது மாம்பட்டைச் சாறு. இரண்டும் சேர்ந்தால் மஞ்சளாகும். நல்ல கண்ணுள்ளவன் கையைக் கழுவினாலும் ஆகும். சாயத் தொட்டியைத் தினம் பார்க்கிற காஞ்சிபுரத்தார் தண்ணீர் நிறம் மாறுவதைக் கண்டு ஏமாறலாமா?

கீழாநெல்லியின் வழக்கு

"அப்படியானால் கீழாநெல்லியும் பொய்யா?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பழையது என்பதற்காக ஒன்றை நம்புவதும் தவறு. பழையது என்பதற்காகவே தள்ளுவதும் தவறு. சோதித்துப் பார்ப்பதே முறை. அந்தச் சோதனை நம் சென்னையிலேயே நடந்தது.

ஈரலைக் கெடுக்கும் 'பி' வகை வைரஸைக் கண்டுபிடித்ததற்கு வழி செய்தவர் புளூம்பர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அதற்காக 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரும், சென்னைப் பல்கலைக் கழகத்து விஞ்ஞானி தியாகராஜனும், அவர்களுடைய தோழர்களும் கீழாநெல்லியைக் குழந்தை விளையாட்டாகக் கருதாமல் முறைப்படி ஆராய்ந்தார்கள். 'பி' வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களில் ஒரு பகுதியாருக்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றொரு பகுதியாருக்கு மருந்தில்லாத வெறும் பொடியும் கொடுத்தார்கள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் இது வெளியாயிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது.

அதோடு வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. மற்ற நாட்டார் அதே சோதனையைத் தாங்களும் செய்து பார்த்தார்கள். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிறகு நடந்த பல சோதனைகளையெல்லாம் ஒன்றுகூட்டி 2011-ல் ஆராய்ந்தவர்கள், வெறும் பொடியைவிட இது மேலானது என்று நம்பத்தக்க ருசு இல்லை என்று முடிவு கூறினார்கள். இதில் யாருக்கும் அவமானமில்லை. சோதனை செய்து சொன்னவரும் அறிவாளி, மறுபடி சோதித்து இல்லையென்றவரும் அறிவாளி. சோதனையே இல்லாமல் "எங்கள் பாட்டன் சொன்னார்" என்பதுதான் அறிவுக்குச் சேராதது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சோதனையில் முதற்காரியம் இரத்தத்தைச் சோதித்து இன்ன வைரஸ் என்று நிச்சயம் செய்ததேயாகும். கீழாநெல்லியைச் சோதித்தவர்கள்கூடக் கண்ணைப் பார்த்துக் காமாலை என்று தீர்ப்புச் சொல்லவில்லை!

"பச்சிலைதானே, கெடுதல் செய்யாதே" என்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி வரும் என்று சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் கெட்ட ஆறு பேரைப் பற்றிப் பம்பாய் டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். மத்திய சர்க்காரின் ஆயுஷ் இலாகா அதை மறுத்தது. விவாதம் எப்படியானாலும், ஈரல் நோய்க்காரன் எதை விழுங்கினாலும் அதை அரைத்துத் தீர்க்க வேண்டியது அந்தக் கெட்ட ஈரலேதான் என்பதில் விவாதமில்லை. இது பச்சிலைக்கு மாத்திரமல்ல. இங்கிலீஷ் மருந்துக்கும் அதே நியாயந்தான். காய்ச்சலுக்குக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை அளவு மீறினால் ஈரலைக் கொல்லும். க்ஷயத்திற்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில ஈரலைத் தாக்கக்கூடும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது, கண் மஞ்சளான பின் சொல்லாமல் சாப்பிட்டுக் கொண்டிருக்கவும் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

பயந்தவனும் பயப்படாதவனும்

இதுவரை மஞ்சளைக் கண்டவனைப் பற்றிப் பேசினோம். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒருவன் பயந்தவன். வலது விலாவின் கீழே கொஞ்சம் வலிக்கிறது, சோர்வாயிருக்கிறது. கைப்பேசியைத் திறந்து படிக்கிறான். படித்த அத்தனை அடையாளமும் தன்னிடத்தில் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றுகிறது. ஈரல் போய்விட்டது என்று தூக்கத்தை விடுகிறான். விளம்பரத்தில் கண்ட ஈரல் டானிக்கை வாங்கிக் குடிக்கிறான். நாளெல்லாம் தறியில் குனிந்திருக்கிறவனுக்கு விலா வலிக்க ஈரல்தான் கெடவேண்டுமா? சதைப்பிடிப்பாயிருக்கலாம், வயிற்றுப் புண்ணாயிருக்கலாம், பித்தக் கல்லாயிருக்கலாம். இன்னும் சிலருக்குப் பிறவியிலேயே பிலிருபின் சற்று அதிகமாயிருக்கும். பட்டினி கிடந்தால் கண் லேசாக மஞ்சளிக்கும். கில்பர்ட் என்னும் பிரெஞ்சு டாக்டர் 1901-ல் இதை எழுதினார். இதற்கு மருந்தும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஒரு இரத்தச் சோதனையில் தீர்ந்துபோகிற பயத்தை ஆயுள் முழுவதும் சுமப்பானேன்?

மற்றவன் பயப்படாதவன். "எனக்கொன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பான். தினம் சாராயக் கடையைப் பார்க்காமல் அவனுக்குப் பொழுது போகாது. அல்லது கடையையே பாராதவனாயிருந்தாலும் நீரிழிவும் தொந்தியும் இருக்கும். தோழர்களே! ஈரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. அதில் பெரும்பகுதி கெடும் வரையில் மிச்சமுள்ள பகுதி முணுமுணுக்காமல் வேலை செய்துகொண்டேயிருக்கும். 'பி', 'சி' வைரஸ்கள் ஒருவன் உடம்பில் பத்து இருபது வருஷம் சத்தமின்றிக் குடியிருந்து, ஈரலைக் கட்டியாக்கிப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடும். வலி வரட்டும் பார்க்கலாம் என்கிறவன், வீடு எரிந்து சாம்பலான பிறகு தண்ணீர் தேடுகிறவனே ஆவான். வயிற்றில் நீர் கட்டி, கால் வீங்கி, இரத்தம் கக்கியபின் வந்தால் டாக்டர் என்ன செய்வார்?

இதிலே வருந்தத்தக்கது என்னவென்றால், முன்னாளில் மருந்தில்லை என்று சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல வழியில்லை. 'சி' வைரஸை 1989-ல் கண்டுபிடித்தார்கள். இன்று பெரும்பாலோருக்கு அது 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடுகிற வியாதி. 'பி' வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்குப் போடவேண்டும். தங்கிவிட்ட 'பி' வைரஸையும் மருந்தால் அடக்கி வைக்கலாம். இந்த இரண்டுக்கும் இலவசமாகச் சோதனையும் சிகிச்சையும் கொடுக்கும் திட்டத்தை 2018 ஜூலை 28-ல் மத்திய சர்க்கார் தொடங்கியது. மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. நோயாளி மாத்திரம் பச்சிலைக்காரர் திண்ணையில் இருக்கிறான் என்றால் இதைவிடப் பரிதாபம் வேறென்ன?

ஏன் போவதில்லை?

நம் மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு மூடநம்பிக்கை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. முன்பணம் வாங்கியவனுக்கு முதலாளி கண்முன் நிற்கிறார். ஆஸ்பத்திரியில் வரிசை, டாக்டர் முகம் பார்த்துப் பேசுவதில்லை, தனியார் இடத்திலோ வேண்டியது வேண்டாதது எல்லாச் சோதனையும் எழுதிப் பணம் பறிப்போரும் உண்டு. இவையெல்லாம் மெய்யான குறைகள். இவற்றைக் கேட்டுப் பெற வேண்டியதும், கண்டிக்க வேண்டியதும் நம் கடமை. ஆனால் ரேஷன் கடையில் எடை குறைந்தால் எடையைக் கேட்கிறோமே தவிரச் சோறு தின்பதை விட்டுவிடுகிறோமா?

கூலிக் கணக்கையும் சரியாகப் போடுங்கள். சோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். இரண்டு நாள் கூலி. பச்சிலைக்குப் போகவர மூன்று நாள், பத்தியத்தில் படுக்கை பல நாள், முற்றியபின் சென்னைக்கு ஓடும் செலவு, ஆள் போனால் தறிக்குழியே காலி. எது லாபம்?

இன்னொரு காரணம் வெட்கம். ஈரல் வியாதி என்றாலே குடிகாரன் என்று ஊர் சொல்லும் என்று அஞ்சுகிறார்கள். பெண்களோ வாயே திறப்பதில்லை. குடியாமலே ஈரல் கெட எத்தனை வழிகள் என்று இதுவரை சொன்னோம். குடித்தே கெட்டிருந்தாலும் அவன் மனிதன்தானே? வைத்தியம் பெற அவனுக்கு உரிமையில்லையா? ஊர் என்ன சொல்லும் என்பதற்காக உயிரை விடுவது மானமல்ல. தன் உடம்பின் உண்மையைத் தான் தெரிந்துகொள்ளத் துணிவதே மானம்.

தாய்மார்களுக்கு இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஒன்று, கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மற்றவர்களுக்குத் தானாகத் தீரும் அதே 'ஈ' வைரஸ், கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை கொல்லக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரண்டு, பிறந்த குழந்தையின் மஞ்சள். அநேகக் குழந்தைகளுக்கு அது வந்து தானே போய்விடும் என்பது வாஸ்தவம். ஆனால் அதிகமானால் மூளையைக் கெடுத்துவிடும். உரிய காலத்தில் ஆஸ்பத்திரியில் நீல விளக்கொளியில் வைத்தால் தீர்ந்துபோகும். இரண்டு வாரம் கழித்தும் மஞ்சள் போகாமல், மலமும் வெளுத்துச் சுண்ணாம்பு போலிருந்தால் பித்தக்குழாய் அடைப்பாயிருக்கலாம். அதற்கு ஆபரேஷன் உண்டு. சுமார் 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். நாள் பார்த்து, நேர்ந்துகொண்டு, கஷாயம் புகட்டிக்கொண்டிருந்தால் அந்த 60 நாள் திரும்பி வருமா?

மற்றவர்களும் இந்த அடையாளங்களை நினைவில் வையுங்கள்: காமாலையோடு பேச்சுக் குழறல், அளவு மீறிய தூக்கம், புத்தி தடுமாற்றம், இரத்த வாந்தி, கறுத்த மலம், வயிறு வீக்கம், காய்ச்சலோடு கடும் வலி. இதில் ஒன்று கண்டாலும் இரவா பகலா என்று பாராமல் ஓடவேண்டும். இவையொன்றும் இல்லாமல் வெறும் மஞ்சளானால் மறுநாள் காலை போங்கள். இந்த ஊரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. காரப்பேட்டையில், இவ்வூரில் பிறந்த தோழர் அண்ணாதுரையின் பேரால் புற்றுநோய் ஆஸ்பத்திரியே இருக்கிறது. மிஞ்சிப்போனால் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஈரல் மாற்றும் சிகிச்சை வரையில் உண்டு. போகும்போது சாப்பிட்ட மருந்து, பச்சிலை, சாராயம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டரிடம் பொய் சொல்வது, சாயக்காரனிடம் நிறத்தை மாற்றிச் சொல்லிவிட்டுச் சேலை கெட்டதென்று அழுவதற்கு ஒப்பாகும்.

கடைசியாக, காமாலை ஒருவருக்கு வந்தால் அது ஒரு வீட்டுக் காரியம் மட்டுமல்ல. 1955-56-ல் டில்லியில் யமுனைக் குடிதண்ணீரில் சாக்கடை கலந்ததால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. ஒரு தெருவில் நாலு பேருக்குக் கண் மஞ்சளித்தால், நாலு பேரும் நாலு பச்சிலைக்காரரிடம் போனால், குழாயில் சாக்கடை கலந்தது யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் கணக்கில் வரும். கணக்கில் வந்தால் நகரசபையைக் கேட்கலாம். கேட்டால் குழாய் பழுது பார்க்கப்படும். ஆகவே டாக்டரிடம் போகிறவன் தன்னை மட்டுமல்ல, தெருவையும் காப்பாற்றுகிறான்.

தோழர்களே! சந்தேகம் வருவது நல்லது. சந்தேகப்படுகிறவனே அறிவாளி. ஆனால் சந்தேகம் வந்தவுடன் தீர்ப்பை எழுதிவிட்டுப் படுத்துக்கொள்வது அறிவல்ல. சோதித்துப் பார்ப்பதே அறிவு. மஞ்சள் ஒரு சாட்சி, தீர்ப்பல்ல. சாட்சியைக் கூட்டிக்கொண்டு விசாரிக்கத் தெரிந்தவரிடம் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.